சைக்கிள் ஓட்ட எதுக்குய்யா தனி ஷூ?

ஹவாய் செருப்போட டபுள்ஸ் அடிச்சு வளர்ந்த சனம் நாம. சைக்கிளுக்குன்னு தனி ஷூ இருக்குன்னா சிரிப்புதான் வரும். ஆனா ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் மிதிக்கிற ஐரோப்பியப் பந்தய வீரனுக்கு அது சிரிப்பு விஷயமில்லை, முழங்கால் விஷயம்.

வேகமா மிதிச்சா கால் பெடலை விட்டு வழுக்கும். அதனால 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெடல் மேல ஒரு கூண்டு மாட்டி, தோல் வாரால காலை இறுக்கிக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஷூ மெல்லிய கறுப்புத் தோல், நாடா வச்சது. பின்னாடி அதோட அடியில காடி வெட்டின ஒரு பட்டையும் வந்துச்சு. பெடல் விளிம்பு அந்தக் காடிக்குள்ள உட்காரும். பட்டைக்குப் பேர் கிளீட். ஆணி அடிச்சுத்தான் பொருத்தணும்.

எந்த இடத்துல அடிக்கிறது? இங்கதான் அந்தக் காலத்து ஆளுங்களைப் பாராட்டணும். புது ஷூவைப் போட்டுக்கிட்டு கிளீட் இல்லாமலே சில நாள் ஓட்டுவாங்க. பெடல் உரசி உரசி அடித்தோல்ல தடம் விழும். கால் தானாத் தேடிக்கிட்ட இடம் அது. அந்தத் தடத்தைப் பார்த்து ஆணி. நாம யூசர் டெஸ்டிங்னு பெரிய பேர் வச்சு செய்யறோமே, அதேதான்!

ஆனா அடிச்சா அடிச்சதுதான். கோணம் கொஞ்சம் தப்பினாலும் ஒவ்வொரு சுத்துக்கும் முழங்கால் முறுக்கும். நிமிஷத்துக்கு 90 சுத்துன்னா ஆறு மணி நேரத்துக்கு 32,400. விழுந்தா இன்னும் மோசம். வாரைத் தளர்த்தாம கால் வெளிய வராது, சைக்கிளோட சேர்ந்தே விழணும்.

மாற்று யோசிக்காம இல்லை. 1971ல் இத்தாலியின் சினெல்லி கம்பெனி வார் இல்லாத பெடல் ஒண்ணு செஞ்சது. கழட்டணும்னா குனிஞ்சு கையால ஒரு நெம்புகோலைத் தள்ளணும். விழும்போது எவன் குனிவான்?

விடை கடைசியில பனிச்சறுக்குலேருந்து வந்துச்சு. அங்க விழுந்தா பலகை தானாக் கழண்டுக்கணும், இல்லன்னா கால் எலும்பு போயிடும். அந்தப் பூட்டுகளைச் செஞ்சுக்கிட்டிருந்த பிரெஞ்சுக் கம்பெனி லுக், 1984ல் அதே தத்துவத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அழுத்தினா 'டக்'னு மாட்டும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா கழண்டுடும். பேர் 'கிளிப்லெஸ்' பெடல். பழைய கூண்டுக்குப் பேர் கிளிப், அது இல்லாததால இந்தப் பேர். மாட்டுற பெடலுக்கு மாட்டாத பேர் :-)

லுக்கை வாங்கியிருந்த பெர்னார் தாப்பிக்கு சொந்தமா ஒரு சைக்கிள் அணியும் இருந்தது. அதுல பெர்னார் இனோ. 1983ல் முழங்கால் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டு, 'இவர் கதை முடிஞ்சுது'ன்னு பலர் நினைச்ச ஆள். 1985ல் இந்தப் பெடலோட தூர் த பிரான்சை அஞ்சாவது தடவையா ஜெயிச்சார். இதுக்கு மேல என்ன விளம்பரம் வேணும்? அயர்லாந்தின் ஷான் கெல்லி மாதிரி சில பிடிவாதக்காரங்க மட்டும் அப்புறமும் சில வருஷம் வாரை விடலை.

முழங்கால் பிரச்சினை அப்பவும் முழுசாத் தீரலை. ஆரம்பகால கிளீட் காலை ஆடாம அசையாம பிடிச்சுக்கிச்சு. குதிகால் சில பாகை அசைய இடம் விட்ட பெடல்கள் வந்த பிறகுதான் பலருக்கு நிம்மதி. 1990ல் ஷிமானோவோட எஸ்பிடி, கிளீட்டை அடிப்பாகத்துக்குள்ள பதிச்சு வச்சது. வாத்து மாதிரி நடக்காம டீக்கடைக்குப் போகலாம்!

இப்ப ஆணி இல்லை, போல்ட்தான். பாதத்தோட முன்பக்க மேடு பெடல் அச்சுக்கு நேரா வர்ற மாதிரி வச்சு ஆரம்பிங்க, வலிச்சா நகர்த்திக்கலாம். பெடல் மாட்டும்போது மரைக்குக் கிரீஸ் முக்கியம். இடதுபக்கத்துக்கு மரை தலைகீழ், மறந்து திருகினா கிராங்க் காலி. ஸ்பிரிங் இறுக்கத்தை ஆகக் குறைச்சு வச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு இருபது முப்பது தடவை மாட்டிக் கழட்டிப் பாருங்க. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அதைச் செய்யாம நேரா சிக்னலுக்குப் போனார். பச்சை விழறதுக்குள்ள அவர் விழுந்துட்டார்.