ஒழுங்குபடுத்தும் டி செல்களும் துணைத்தூண்டலும்

நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் வெள்ளணு வகையே ஒழுங்குபடுத்தும் டி செல். மற்ற டி செல்கள் சொந்த உடலையே தாக்கிவிடாதபடி அடக்குவது இதன் வேலை. தைமஸ் சுரப்பியில் இது உருவாவதற்கும் பிறகு நிலைத்திருப்பதற்கும் துணைத்தூண்டல் எனப்படும் இரண்டாவது சமிக்ஞை தேவை.

டி செல் தனக்குரிய புரதத் துணுக்கை அடையாளம் காண்பது முதல் சமிக்ஞை. எதிரே நிற்கும் செல்லின் பி7 புரதம் டி செல்லின் சிடி28 மீது பொருந்துவது இரண்டாவது. எதிர்ப்பொருள் உருவாக இரண்டு சமிக்ஞைகள் வேண்டும் என்று பிரெட்ஷரும் கோனும் 1970இல் சொன்ன கருத்திலிருந்து வளர்ந்தது இது. சிடி28 செல்லைச் சண்டைக்குக் கிளப்பிவிடும் ஏற்பி என்றே நெடுநாள் கருதப்பட்டது.

அடக்கும் செல்களின் கதை வேறோரிடத்தில் தொடங்கியது. பிறந்து 3 நாளான எலிக்குட்டிகளின் தைமஸை நீக்கினால் அவற்றின் சினைப்பை அழிந்துபோவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1969இல் கண்டார்கள். அந்த நோயைத் தடுக்கும் செல்களைச் சிடி25 என்ற அடையாளத்தைக் கொண்டு 1995இல் பிரித்துக் காட்டினார் ஷிமோன் சகாகுச்சி. இவருக்கும், இந்தச் செல்களை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்ட மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது.

இரண்டு கதைகளும் சந்தித்த ஆண்டு 2000. தானாகவே சர்க்கரை நோய் வரும் என்ஓடி வகை எலிகளில் சிடி28 இல்லாமல் செய்தால் நோய் தணிய வேண்டும். நடந்ததோ நேர்மாறு: நோய் முன்கூட்டியே வந்தது, கடுமையாகவும் வந்தது. அந்த எலிகளில் ஒழுங்குபடுத்தும் செல்கள் மிகவும் குறைந்திருந்ததை சாலமன், புளூஸ்டோன் குழுவினர் கண்டறிந்தார்கள். இந்தத் துறையின் மிக அழகான ஆய்வு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். தைமஸில் வளரும் செல்லில் ஃபாக்ஸ்பி3 தோன்றவே சிடி28 உதவுகிறது என்று ஆல்ஃபிரட் சிங்கரின் குழு 2005இல் காட்டியது.

அதே பி7 புரதத்தை இன்னும் இறுக்கமாகப் பற்றுவது சிடிஎல்ஏ-4 என்ற ஏற்பி. ஒழுங்குபடுத்தும் செல்களில் மட்டும் இதை நீக்கினாலே எலிகள் தன்னெதிர்ப்பு நோயால் மடிவது 2008இல் தெரிந்தது. இது பக்கத்துச் செல்லின் பி7ஐப் பிடுங்கித் தன்னுள் இழுத்துக்கொள்வதை 2011இல் கண்டார்கள்.

சிடி28ஐ மருந்தால் தூண்டிய முயற்சி ஒன்று பெரும் துயரமானது. விலங்குகளில் ஒழுங்குபடுத்தும் செல்களைப் பெருக்கிய வழியை நம்பி, 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து 6 தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. அறுவரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் செல்களை மனித உடலில் காட்டித்தந்தது யானைக்கால் நோய். இரவில் வீடு தேடி வந்து விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத் துளியில், சிலருக்கு இந்நோய்க்குரிய நுண்புழுக்கள் நெளியும். அந்த மனிதரின் கால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கால் வீங்கித் தோல் தடித்தவரின் இரத்தத்திலோ பெரும்பாலும் புழு தென்படாது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சுபாஷ் பாபு, வி. குமாரசாமி ஆகியோர் அமெரிக்காவின் தாமஸ் நட்மனுடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். புழுவைச் சுமந்தும் நலமாக இருப்பவர்களின் செல்கள் உயிருள்ள புழுவை எதிர்கொள்ளும்போது ஃபாக்ஸ்பி3, சிடிஎல்ஏ-4 இரண்டும் கூடுவதை 2006இல் வெளியிட்டார்கள். கால் வீங்கியவர்களிடம் அவை குறைந்து, அழற்சியை வளர்க்கும் டிஎச்1, டிஎச்17 செல்கள் ஓங்கியிருப்பதை 2009இல் காட்டினார்கள். புழுவைப் பிழைக்கவிடும் அதே அடக்கம்தான் அந்த மனிதரின் காலையும் காத்துவந்திருக்கிறது.