கும்மி வட்டத்தில் ஓர் இசைப் பாடம்

கீழப்பாவூர் என்றதும் பதினாறு கை நரசிம்மர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். தென்காசிப் பக்கத்து ஊர்களில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அம்மன் கோயில் கொடையில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் அடிக்கும் கும்மி! வயதான ஒருவர் பாட்டெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாவாடை கட்டிய சிறுமியும் அந்த வட்டத்தில் இருப்பாள். அவளுக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. முன்னால் போகிறவரின் காலையும் கையையும் பார்த்தே எங்கே தட்டுவது என்று பிடித்துக்கொள்வாள். சொல் அப்புறம்தான் வரும்.

இந்த வட்டம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் முதியவளான மாதரி ஏழு பெண்களை வரிசையாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே அவர்களுக்கு வைக்கிறாள். அவர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். அது பாடம் நடத்த ஆடிய ஆட்டம் இல்லை. தீய சகுனம் கண்டு தெய்வத்தை வேண்டி ஆடியது. ஆனாலும் ஒவ்வொரு சுரமும் அங்கே ஓர் ஆளாக, ஓர் இடத்தில் நிற்கிறது!

பழந்தமிழ் இசையின் இந்தச் சுரங்களை விரிவாக ஆராய்ந்தவர் ஆபிரகாம் பண்டிதர். அவரும் இதே வட்டாரத்துக்காரர்தான். 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். 1912-இல் தஞ்சாவூரில் இசை மாநாடு கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒருவர் இசை மாணவர்களை நடக்கவிட்டுக்கொண்டிருந்தார்! எமில் ஜாக் டால்குரோஸ் (1865-1950). 1892 முதல் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர்களுக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியும். ஆனால் எழுதியது மனதுக்குள் ஒலிக்கவில்லை, லயமும் தடுமாறியது. நடக்கும்போது மட்டும் அவர்கள் கால் ஒழுங்காகத்தான் விழுந்தது. அதையே அவர் பாடமாக்கினார். ஆசிரியர் பியானோ வாசிப்பார். வேகம் மாறினால் நடையும் மாற வேண்டும். கல்லூரி மாணவர்களிடம் தொடங்கிய இந்த முறை பிறகு சிறுவர்களுக்கும் போனது. 1911-இல் ஜெர்மனியின் ஹெல்லராவிலும், 1915-இல் ஜெனீவாவிலும் இதற்கென்றே பள்ளிகள் வந்தன.

நம் கர்நாடக இசை வகுப்பிலும் முதலில் பழகுவது கைதான். ஆதி தாளத்துக்கு ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும், மொத்தம் எட்டு. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது கை மாறுவதில்லை. குரல்தான் இரட்டிப்பாகும், பிறகு நான்கு மடங்காகும். கை அசையாமல் நின்றால் கணக்கு குழம்பிவிடும்.

ஆனால் வகுப்பு என்றால் வயது பிரிந்துவிடும். கும்மியில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டம். சிறுமி பின்தங்கினால் பாட்டெடுப்பவருக்கு அது கண்ணில் படும். பாட்டைக் கொஞ்சம் நிதானமாக்குவார். ஒலிபெருக்கியில் போடும் பதிவுப் பாட்டு யாருக்காகவும் நிற்காது. அதற்கு ஆடத் தெரிந்தவர்கள் மட்டும் ஆடுவார்கள். தெரியாத குழந்தை ஓரமாக நின்று பார்க்கும். கும்மியைக் காப்பாற்றுவது என்றால் பாட்டை எழுதி வைப்பது மட்டும் போதாது. அந்தக் குழந்தைக்கு வட்டத்தில் ஓர் இடமும் விட வேண்டும்.