அடிமைக்கு விலை உண்டு, விடுதலைக்கு?

புதுவைப் பெரிய மார்க்கெட்டிலே மீனுக்கு விலை உண்டு. மிளகாய்க்கு விலை உண்டு. மல்லிகைக்கும் வாழை இலைக்கும் விலை உண்டு. மனிதனுக்கு விலை இல்லை. ஆனால், என்றுமே இல்லாதிருந்ததா? இருந்தது என்று வரலாறு கூறுகிறது.

அந்த அங்காடியை ஒட்டிச் செல்லும் தெருவுக்கு ரங்கப்பிள்ளை வீதி என்று பெயர். ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது. 1736 முதல் 1761 வரை நீளும் அவருடைய நாட்குறிப்பு, கப்பல் வந்ததையும் கவர்னர் விருந்தையும் மட்டும் கூறவில்லை. 1743 ஆம் ஆண்டுப் பகுதியிலே, ஆள் பிடித்து விற்ற கொடுமையையும் கூறுகிறது. வேலை தருவதாக ஏழைகளை அழைத்து வருவது, அடைத்து வைப்பது, தலையை மழித்துக் கறுப்புத் துணி உடுத்துவது, காலில் விலங்கிடுவது, இரவோடு இரவாகக் கப்பலேற்றுவது—இதுவே முறை!

வாங்கியவன் பரங்கி. பிடித்துக் கொடுத்தவன் யார்? நம்மவன்! பழி முழுவதையும் வெள்ளையன் தலையிலே சுமத்திவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. மொரீசுத் தீவும், ரெயூனியன் என இன்று வழங்கும் பூர்போன் தீவும் அன்று பிரெஞ்சுக் கம்பெனியின் உடைமைகள். அங்கே தோட்டம் போட, துறைமுகம் கட்ட ஆள் தேவை. இங்கே பஞ்சம், பசி, சாதியின் பெயரால் நிலமற்றவனாக்கப்பட்ட கூட்டம். அங்கே தேவை, இங்கே வறுமை, இடையிலே தரகன். அடிமை வாணிபத்தின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்.

பாரிசிலே புரட்சி வெடித்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எனும் முழக்கம் கடல் கடந்தது. 1792 இல் புதுவையின் பிரெஞ்சு ஆளுநர், இந்நாட்டு மக்களை அடிமைகளாக ஏற்றுமதி செய்யலாகாது என்று ஆணையிட்டார். 1794 இல் பிரெஞ்சுக் குடியரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையே ஒழித்தது. ஆனால் 1802 இல் நெப்போலியன் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தான். இறுதியாக ஒழித்தது 1848 ஏப்ரல் 27 ஆம் நாள் ஆணை.

ஒழிந்த அன்று நடந்ததைக் கவனியுங்கள். அடிமையை இழந்த முதலாளிக்கு நட்ட ஈடு தர 1849 இல் பிரெஞ்சு அரசு சட்டம் செய்தது. அதற்கு முன்பே, 1833 இல், பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்ற நாடுகளின் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுன் ஒதுக்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்து ஓடானவனுக்கு? ஒரு காசும் இல்லை! கருவூலம் திறந்தது, கட்டியவனுக்குக் கிடைத்தது, கட்டுண்டவனுக்குக் கிடைக்கவில்லை.

விளைவு என்ன? அடிமை போனான், ஒப்பந்தக் கூலி வந்தான். புதுவையிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகள் ஆள் திரட்டினர். ரெயூனியனுக்கு ஆயிரக்கணக்கில் தமிழர் சென்றனர். 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதிக் கூலிகளை மார்த்தினிக் தீவிலே இறக்கியது. கையிலே விலங்கு இல்லை. காகிதத்திலே கைநாட்டு இருந்தது. தோட்டக் கொடுமைகள் அம்பலமான பின், 1882 இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. பெயர் மாறிய கொடுமையை நிறுத்தவும் எத்தனை ஆண்டுகள்!

இவை பழங்கதை என்று ஏட்டை மூடிவிடலாமா? புதுவை 1954 நவம்பர் 1 இல் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படி இணைந்தது. ஆள் கடத்தலையும் கட்டாய உழைப்பையும் தடை செய்யும் அரசியல் சட்டத்தின் 23 ஆம் பிரிவு இம்மண்ணுக்கும் உரியதாயிற்று. 1956 இல் பெண்களை வாணிபப் பொருளாக்குவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1976 இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, அடிமைப்படுத்திய கடனையே செல்லாதென்றது. ஆயினும் செங்கற்சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்படும் செய்தி இன்றும் வருகிறது. அன்று கைநாட்டு, இன்று முன்பணம்!

மீட்கப்பட்டவன் மறுநாள் எங்கே போவான்? இதுதான் கேள்வி. 2016 ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம், மீட்கப்பட்ட ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், கொடிய கடத்தலுக்கு ஆளானவர்க்கு 3 லட்சம் ரூபாய் என்று வகுத்தது. நல்லது. ஆனால் உடனடி உதவியாகக் கைக்கு வருவது, 2022 இல் உயர்த்திய பின்னும், 30,000 ரூபாய் வரைதான். முழுத் தொகையோ நீதிமன்றத் தீர்ப்போடு முடிச்சுப் போடப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும், வயிறு காத்திருக்குமா? பசித்தவன் வாசலிலே தரகன் மறுபடியும் நிற்பான், முன்பணத்தோடு!

ஆள் கடத்தலைத் தடுக்கவும், மீட்கப்பட்டோர்க்கென மறுவாழ்வு நிதி அமைக்கவும் வகை செய்த மசோதா 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019 இல் காலாவதியானது. தண்டிக்கும் பிரிவுகள் புதிய குற்றவியல் சட்டத்திலும் உண்டு. தண்டனை குற்றவாளியைத் தொடும். நிதியன்றோ பாதிக்கப்பட்டவனைத் தொடும்?

ஆகவே நாம் கேட்பது இவை: நிதியோடு கூடிய முழுமையான சட்டம் வேண்டும். மறுவாழ்வுத் தொகைக்கும் தீர்ப்புக்கும் உள்ள முடிச்சு அவிழ வேண்டும். 1976 ஆம் ஆண்டுச் சட்டம் அமைக்கச் சொன்ன கண்காணிப்புக் குழுக்கள், சூளைக்கும் ஆலைக்கும் நேரில் செல்லப் பணமும் ஆளும் பெற வேண்டும். மீட்கப்பட்ட குடும்பத்துக்கு மனையும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும்.

முதலாளியின் இழப்பைக் காசாக எண்ணிக் கொடுத்தன அன்றைய பேரரசுகள். உழைத்தவனின் இழப்பை எண்ணிக் கொடுக்க மக்களாட்சி தயங்கலாமா? கருவூலம் இம்முறை கட்டுண்டவனுக்காகத் திறக்கட்டும்!