கண்டி இராச்சியம்: எழுச்சி, வீழ்ச்சி, மாத்தளை சொல்லும் பாடம்

1848 ஜூலை மாதம் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டப்பட்டது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போய் அப்போது 33 ஆண்டுகள். மாத்தளை மண்ணில் மக்கள் மீண்டும் ஒரு மன்னனைத் தேடியது ஏன் என்பதை அறிய, அந்த இராச்சியத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் கண்டியைப் பலமான அரசாக்கினான். கரையோரத்தைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் பிடித்தபோதும் மலைநாடு பணியவில்லை. 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, சுமார் 4,000 பேரைக் கிழக்கில் குடியமர்த்தினான். மலைநாட்டில் முஸ்லிம்கள் தவலம் எனும் பொதி மாட்டு வணிகத்திலும், அரசின் போக்குவரத்துப் பிரிவான 'மடிகே பத்த'விலும், வைத்தியத்திலும் இடம்பெற்றனர்.

1739இல் வாரிசின்றி மன்னன் இறக்க, மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் அரியணை ஏறினான். இப்படித் தொடங்கிய நாயக்கர் வம்சம் தென்னிந்திய மரபில் வந்தது. ஆயினும் பௌத்தத்தைப் பேணியது. 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டவன் கீர்த்தி சிறி இராசசிங்கன் எனும் நாயக்க மன்னனே.

வீழ்ச்சி உள்ளிருந்து தொடங்கியது. சிறி விக்கிரம இராசசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் இடையிலான நம்பிக்கை அறுந்தது. 1814இல் எஹெலேபொல பிரித்தானியரிடம் ஓடினான். அவனது குடும்பம் கொல்லப்பட்டது. 1803இல் கண்டியில் தோற்ற பிரித்தானியர் இம்முறை பிளவைப் பயன்படுத்தினர். 1815 மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கை அரச வம்சத்தை நீக்கியதோடு, மன்னனின் ஆண் உறவினர் நாட்டுக்குள் வருவதையும் தடுத்தது. மன்னன் வேலூரில் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

பிளவுகள் அத்துடன் முடியவில்லை. வெல்லஸ்ஸையில் திசாவையின் அதிகாரத்தைக் குறைத்து, ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தனர். 1817 கிளர்ச்சி வெடிக்க அது ஒரு காரணமாயிற்று. நியமித்தது அரசு, பகையைச் சுமந்தது ஒரு சமூகம்.

1848இல் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றுக்கான வரிகளும் வீதி வேலைக் கட்டாயமும் மக்களை மாத்தளையில் திரட்டின. கிளர்ச்சி அடக்கப்பட்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்; பண்டா மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

ஐரோப்பாவிலும் இத்தகைய அரசு ஒன்று இருந்தது. 1867இல் அமைந்த ஆஸ்திரிய-ஹங்கேரி முடியாட்சியில் பல மொழியினர் வாழ்ந்தனர். 1912இல் அது இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. 1918இல் உலகப் போரின் தோல்வியில் சிதறியது.

பல இனங்கள் இருந்ததால்தான் இவ்வரசுகள் விழுந்தன என்பது மேலோட்டமான பார்வை. அதே பல இனங்களோடுதான் கண்டி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்றது. ஆள்வோரிடம் நீதி குறைந்து, வெளியார் நம் வேற்றுமையை ஆயுதமாக்க நாமே இடம் கொடுத்தபோது அது சாய்ந்தது. மாத்தளையில் அயலவராய் வாழும் நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது.