காலணி அடுக்கின் வரலாறு

வீட்டிலுள்ளோரின் செருப்பு, ஷூ முதலியவற்றைக் குறைந்த இடத்தில் ஒழுங்காக வைக்க உதவும் தட்டுகள் கொண்ட சட்டமே காலணி அடுக்கு ஆகும். பேச்சு வழக்கில் இதைச் செருப்பு ஸ்டாண்டு, ஷூ ரேக் என்பர். மரம், இரும்பு, நெகிழி ஆகியவற்றால் செய்யப்படும் இப்பொருள் இன்று பெரும்பாலான நகர வீடுகளில் காணப்படுகிறது.

தமிழர் வீட்டுக்கு இது புதிய வரவு. நெல்லுக்குக் குதிர், ஊறுகாய்க்கு ஜாடி, துணிக்குக் கொடி, விளக்குக்கு மாடம் என ஒவ்வொன்றுக்கும் பழைய வீடுகளில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. செருப்புக்கு மட்டும் தனி இடம் இல்லை. வீடு சிறியதாக இருந்தது இதற்குக் காரணமன்று. செருப்பைப் பற்றிய எண்ணமும், அதை யார் அணியலாம் என்ற கட்டுப்பாடும், அன்றைய வீட்டின் அமைப்புமே காரணங்கள். இம்மூன்றும் மாறியபோதுதான் அடுக்கு தேவைப்பட்டது.

பழைய இலக்கியங்களில் காலணி

காலணி தமிழர்க்குப் பழமையானது. சங்க இலக்கியத்தில் அது 'தொடுதோல்' எனப்படுகிறது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஆநிரை மேய்ப்பவனின் காலில் செருப்பு அணிந்து அணிந்து ஏற்பட்ட வடுவைக் குறிப்பிடுகிறது. காட்டிலும் மேட்டிலும் நடப்பவருக்கு அது உழைப்புக் கருவியாக இருந்தது.

பிற்காலச் சமய மரபில் காலணி இரு நிலைகளில் காணப்படுகிறது. இராமனின் பாதுகையைப் பரதன் அரியணையில் வைத்து ஆட்சி நடத்தினான் என்பது இராமாயணக் கதை. வைணவக் கோயில்களில் இறைவனின் திருவடி பொறித்த சடாரியை அடியவர் தலையில் ஏற்கின்றனர். வேதாந்த தேசிகர் திருவரங்கப் பெருமானின் பாதுகையைப் போற்றி 1008 சுலோகங்கள் கொண்ட பாதுகா சகஸ்ரத்தை வடமொழியில் இயற்றினார். இறைவனின் பாதுகை இவ்வாறு தலைமேல் இருக்க, மனிதரின் செருப்பு தீட்டுக்குரியதாகக் கருதப்பட்டது. பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் செருப்பணிந்த காலைச் சிவலிங்கத்தின்மேல் ஊன்றும் நிகழ்ச்சி படிப்போரை அதிர வைப்பதற்கு இந்த எண்ணமே காரணம். அந்தச் செருப்புக் காலையும் இறைவன் ஏற்றான் என்பதே அக்கதையின் பெருமை.

திண்ணையும் வாசலும்

பழைய தமிழர் வீட்டில் தெருவுக்கும் கூடத்துக்கும் இடையே திண்ணையும் ரேழியும் இருந்தன. வந்தவர் வாசற்படிக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு, அங்கேயே தண்ணீர் மொண்டு கால் கழுவி உள்ளே வருவார். நம் மொழியிலும் செருப்பை 'வெளியே விடு' என்றே சொல்கிறோம். 'எடுத்து வை' என்று சொல்வது குறைவு.

அப்போது இந்த முறை போதுமானதாக இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒன்றிரண்டு இணைகளே இருந்தன. பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் வெறுங்காலுடனே நடந்தனர். செருப்பு தேய்ந்தால் தைத்துப் போட்டுக்கொண்டனர். திண்ணை ஓரம் அகலமாகவும் இருந்தது. ஆகவே அடுக்கிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

செருப்பு அணியும் உரிமை

செருப்பின் எண்ணிக்கை குறைவாக இருந்ததற்கு வறுமை ஒரு காரணம். மற்றொரு காரணம் சாதி. ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்த பிறகே அணிய வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டோர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

தோலைப் பதப்படுத்தியவரும் செருப்புத் தைத்தவரும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டனர். அவர்கள் செய்த செருப்பு வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே தீட்டு எண்ணம்தான்.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. ஆயினும் செருப்பைப் பெயர் சொல்லிக் காக்க வேண்டிய நிலை தொடர்ந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதையும் குற்றமாகக் குறிப்பிடுகிறது. எல்லோர் வீட்டு வாசலிலும் செருப்பு நிறைந்திருப்பது சாதாரணக் காட்சிதான்; அதற்குப் பின்னால் இத்தனை போராட்டம் உண்டு.

காலணி பெருகிய காலம்

இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைக் காலணி வந்தது. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த பாட்டா நிறுவனம் 1931இல் இந்தியாவில் நிறுவனமாகப் பதிவு பெற்றது. கொல்கத்தாவுக்கு அருகே அதன் ஆலையைச் சுற்றிப் பாட்டாநகர் உருவானது. 1948இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றன.

விலை குறைந்த ரப்பர் செருப்பே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. நாம் ஹவாய் செருப்பு என்று அழைக்கும் இதன் மூல வடிவம், ஜப்பானியரின் 'சோரி' என்னும் வைக்கோல் செருப்பாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரப்பரில் வார்க்கப்பட்ட இவ்வடிவம் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லாக் காலணியும் வழங்கப்படுகிறது. வகுப்பறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதை ஆசிரியர்கள் அறிவர். வீட்டுக்கு ஒன்று என்றிருந்த நிலை மாறி, ஆளுக்கு இரண்டு மூன்று என்றானது.

ஜப்பானியரின் காலணிப் பெட்டி

அந்த ரப்பர் செருப்பின் மூல வடிவத்தைத் தந்த ஜப்பானும் நம்மைப் போலவே காலணியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையும் நாடு. ஆனால் அங்கே காலணி வெளியே விடப்படுவதில்லை. வாசற்கதவுக்கு உட்புறம், வீட்டுத் தரையைவிடத் தாழ்வான சிறு பகுதி உண்டு. அதற்குக் 'கென்கான்' என்று பெயர். அங்கே கழற்றிய காலணியைப் பக்கத்திலுள்ள 'கெத்தபாக்கோ'வில் வைப்பர். 'கெத்தா' என்பது மரக்கட்டைச் செருப்பு. 'ஹாக்கோ' என்பது பெட்டி. மரக்கட்டைச் செருப்பு அன்றாடப் பயன்பாட்டிலிருந்து மறைந்த பின்னும் பெட்டிக்குப் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

அங்கும் வாசல் ஒரு காலத்தில் தகுதியின் அடையாளமாக இருந்தது. எடோ காலத்தில் (1603–1868) கென்கான் அமைப்பது சாமுராய் வகுப்பினருக்கும் ஊர்த்தலைவர் போன்ற சிலருக்கும் உரிய சிறப்பாக இருந்தது. மெய்ஜி ஆட்சி வந்தபின் அது பொதுமக்கள் வீடுகளுக்கும் பரவியது. 1955இல் ஜப்பான் வீட்டு வசதிக் கழகம் ஏற்பட்டு, நகரங்களில் சிறிய அடுக்குமாடி வீடுகள் பெருமளவில் கட்டப்பட்டன. இடம் மிகக் குறைவாக இருந்தும், அவ்வீடுகளில் கென்கான் கைவிடப்படவில்லை. பள்ளிகளிலும் பொதுக் குளியல் இல்லங்களிலும் ஒருவருக்கு ஒரு கட்டம் என்ற வகையில் காலணி அடுக்குகள் உள்ளன.

நம் கோயில் வாசல்களில் உள்ள காலணி காப்பிடமும் ஏறத்தாழ இதே அமைப்புதான். எண் எழுதிய கட்டங்களில் செருப்பை வைத்து, வில்லை கொடுத்து அனுப்புவர். பொது இடத்தில் நாம் ஏற்ற இம்முறை வீட்டுக்குள் வரக் காலதாமதமாயிற்று.

அடுக்குமாடி வீடும் நடைவழியும்

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961இலும், குடிசை மாற்று வாரியம் 1970இலும் அமைக்கப்பட்டன. இவையும் பின்னர் தனியாரும் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் திண்ணை இல்லை, ரேழி இல்லை. கதவைத் திறந்தால் கூடம். கதவுக்கு வெளியே எல்லோருக்கும் பொதுவான நடைவழி. வீடு மாறியது, பழக்கம் மாறவில்லை. செருப்பு அந்த நடைவழிக்குப் போயிற்று.

பொது நடைவழி அவசரக் காலத்தில் உயிர்காக்கும் வழியாகும். தீப்பிடித்தால், புகை சூழ்ந்த இருட்டில் பலர் ஒரே நேரத்தில் ஓடிவருவர். வெளியேறும் வழிகளில் தடை எதுவும் இருக்கக் கூடாது என்பதை 2016ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வலியுறுத்துகிறது. அங்கே கிடக்கும் செருப்பும் நிற்கும் அடுக்கும் முதியவர் காலை இடறிவிடப் போதுமானவை. ஆகவே அடுக்கு கதவுக்கு உள்ளே வந்தாக வேண்டும். உள்ளே வருவதானால் அது மெலிதாக இருக்க வேண்டும்.

அடுக்கின் கணக்கு

பெரியவர் செருப்பு ஒன்று சுமார் 30 செ.மீ. நீளம் என்றும், ஓர் இணைக்குச் சுமார் 20 செ.மீ. அகலம் தேவை என்றும் கொள்வோம். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்று என 12 இணைகள் இருந்தால், தரையில் பரப்பி வைக்க 7,200 சதுர செ.மீ., அதாவது ஏறத்தாழ 8 சதுர அடி வேண்டும். 60 செ.மீ. அகலமுள்ள நான்கு தட்டுகளில் தட்டுக்கு மூன்று இணையாக வைத்தால் 1,800 சதுர செ.மீ. தரையே போதும். அது 2 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு.

இதையும் குறைக்கத் தட்டைச் சாய்க்கலாம். 30 செ.மீ. தட்டை 45 பாகை சாய்த்தால் அதன் ஆழம் சுமார் 21 செ.மீ. ஆகிறது. ஆனால் தட்டுகளுக்கு இடையே உயரம் கூடுதலாக விட வேண்டும். ஆழத்தில் மிச்சம் பிடித்ததை உயரத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இதிலுள்ள வடிவியல். சிறிய வீட்டில் தரைதான் அரிது. சுவரின் உயரம் பெரும்பாலும் வீணாகவே கிடக்கிறது. அதனால் இது இலாபமான பரிமாற்றம். முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும் மெல்லிய காலணிப் பெட்டிகள் இந்தக் கணக்கை இன்னும் நீட்டியவை. அவற்றில் காலணி ஏறத்தாழ நின்ற நிலையில் இருப்பதால், சுமார் 20 செ.மீ. ஆழமே போதுமானதாகிறது.

அகலத்திலும் சிறிது மிச்சப்படுத்த வழி உண்டு. காலணியின் முன்பகுதி அகலம், குதிகால் பகுதி குறுகல். ஒன்றை முன்நோக்கியும் மற்றொன்றைப் பின்நோக்கியும் வைத்தால் இரண்டும் நெருங்கி அமரும்.

நம் தட்பவெப்பத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. நனைந்த செருப்பை மூடிய பெட்டியில் வைத்தால் நாற்றமும் பூஞ்சையும் வரும். எனவே முழுப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்களே நல்லவை. கீழ்த்தட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்தினால் பெருக்கவும் துடைக்கவும் முடியும். மழைக்காலத்தில் தேளும் பூரானும் ஒளிந்திருந்தால் கண்ணில் படும்.

எத்தனை இணை என்று எண்ணும்போது விருந்தினருக்கும் வீட்டு வேலைக்கு வருபவருக்கும் ஒரு தட்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டார் செருப்பு உள்ளே அடுக்கிலும், வேலை செய்பவர் செருப்பு வெளியே மாடிப்படியிலும் இருந்தால் பழைய வாசற்படி வழக்கம் புதிய கட்டடத்திலும் தொடர்கிறது என்றே பொருள். இடத்தை மிச்சப்படுத்தும் அடுக்கு, எல்லோர் செருப்புக்கும் இடம் தருவதாகவும் அமைய வேண்டும்.