மார்புப் புற்றுக்குப் பின் மடியில் குழந்தை

மார்பில் புற்று வந்து பிழைத்தவள் பிள்ளை பெறக் கூடாது, பெற்றால் நோய் திரும்பும் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை அறியாமை என்று தள்ள முடியாது. டாக்டர்களே வெகுகாலம் அப்படித்தான் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தின் வேர் மாட்டுப் பண்ணையில் இருக்கிறது. கிளாஸ்கோ நகர டாக்டர் ஜார்ஜ் பீட்சன், பால் சுரப்பதை ஆராய்ந்தவர். கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது விடாமல் கறக்கும் என்பது ஆஸ்திரேலியாவில் இருந்த வழக்கம். (சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம்.) அப்படியானால் சினைப்பைக்கும் மார்புக்கும் தொடர்பு உண்டு என்று எண்ணி, முற்றிய நோயாளி ஒருவருக்கு அதை அகற்றினார். கட்டி கரைந்தது. 1896இல் லான்செட் இதழில் எழுதினார். சினைப்பைச் சுரப்பு நோயை வளர்க்குமென்றால், அது பெருகும் கர்ப்பகாலம் ஆபத்துதானே? இப்படித்தான் பயம் வந்தது.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது படுக்கைகள் 12. உயிர் தங்கினால் போதும் என்றிருந்த காலம். பிள்ளையைப் பற்றி யார் கேட்பார்?

இன்று சுரப்பை அடக்க மாத்திரையே உண்டு. ஐந்து முதல் பத்து ஆண்டு சாப்பிட வேண்டும். முப்பத்தைந்து வயதில் தொடங்கினால் பிள்ளைப்பேற்றுக் காலமே போய்விடும். 'பாசிட்டிவ்' என்ற பன்னாட்டு ஆய்வில், 18 முதல் 30 மாதம் வரை மாத்திரை சாப்பிட்ட பெண்கள், டாக்டர் கண்காணிப்பில் இரண்டாண்டு வரை நிறுத்திப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. கர்ப்பம் பற்றிக் கணக்கெடுத்த 497 பேரில் 317 பேர் குழந்தை பெற்றார்கள். மூன்றாண்டில் நோய் திரும்பியது 8.9 சதவீதம், முந்தைய ஆய்வுகளில் இவர்களைப் போன்ற பெண்களுக்கு 9.2. ஆனாலும் மூன்றாண்டு என்பது குறைந்த காலம்தான். தொடர்ந்து பார்க்கிறார்கள்.

பிரெஞ்சு படித்த பழக்கத்தில் அந்நாட்டுச் செய்திகளைப் பார்ப்பேன். பாரிஸ் அருகே கிளாமார் மருத்துவமனையில், 29 வயதுப் பெண்ணுக்குக் கீமோவுக்கு முன்பே முதிராத கருமுட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் முதிரவைத்து, உறையவைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து அதில் ஒன்று ஆண் குழந்தையாக 2019 ஜூலையில் பிறந்தது.

கவனிக்க வேண்டியது 'முன்பே' என்பதைத்தான். கீமோ சினைப்பையைக் கெடுத்தபின் கேட்டுப் பயனில்லை. கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது. வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வரும் பெண், டாக்டர் முன்னால் பிள்ளைப் பேச்சை எடுக்கக் கூசுவாள். துணைக்கு வரும் அம்மாவோ மாமியாரோ முதல் நாளே அதைக் கேட்டுவிடலாம்.