வானம் பார்த்த பூமியின் தேர்

மாசி மகத்தன்று இலங்கையின் மலைநாட்டு ஊரான மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர் ஓடும். பிள்ளையார், சிவன், முருகன், முத்துமாரி, சண்டிகேஸ்வரர் என்று ஆளுக்கொரு தேர். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ, கந்தேநுவரப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியுமுன்னே பஸ் பிடித்து வந்த சனம் தெரு முழுக்க நிற்கும். இந்தத் தேர் பிறந்த கதையைக் கேட்டால் எல்லோரும் கோயிலிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம், வெடித்துக் கிடந்த ஒரு கண்மாயிலிருந்து தொடங்குவதாகவே தோன்றும்.

பாலை என்று தனி நிலம் கிடையாது, காடும் மலையும் வெயிலில் காய்ந்து அப்படி ஆகிவிடும் என்று இளங்கோ சிலப்பதிகாரத்தில் சொல்லிவைத்தார். ராமநாதபுரம் சீமைக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் கண்மாய் நிறையும், நெல் விளையும். தவறினால் அதே ஊர் பாலை. வானம் பார்த்த பூமி என்று பெயர் வைத்தவர்கள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களாக இருக்க வேண்டும்.

வறண்ட நாட்டில் திருவிழா நாட்காட்டி என்பது மழை நாட்காட்டிதான். ராஜஸ்தானத்துத் தார்ப் பாலையில் மழைக்காலம் பிறந்ததும் பெண்கள் மரத்தில் ஊஞ்சல் கட்டித் தீஜ் கொண்டாடுகிறார்கள். மழைக்காலம் முடிந்து கார்த்திகைப் பௌர்ணமியில் புஷ்கரில் ஒட்டகச் சந்தை கூடுகிறது. நம் தென்சீமையில் முளைப்பாரி. ஓட்டில் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியம் தூவி, வெயில் படாமல் மூடி வைத்து வளர்ப்பார்கள். விதை எப்படி முளைக்கிறது என்று பார்த்துத்தான் அந்த வருஷ வெள்ளாமையைக் கணிப்பார்கள். பிறகு அதைத் தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் விடுவார்கள்.

அந்தச் சனத்தின் தெய்வம் மாரி. மாரி என்றால் மழை. முத்து என்றால் அம்மை கண்ட உடம்பில் எழும் கொப்புளம். கோடை முற்றி, குடிதண்ணீர் கலங்கி, வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகும் காலத்தில் இரண்டையும் ஒரே தாயிடம்தான் கேட்க முடியும்: சூட்டைத் தணி, மழையைக் கொடு. முத்துமாரி என்ற பெயரில் ஒரு சீமையின் இரண்டு பயமும் சேர்ந்து நிற்கின்றன.

இந்த வேண்டுதல் இலங்கைக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோயும் வந்தபோது கண்ணகிக்கு விழா எடுத்து நாடு குளிர்ந்தது, அதைக் கேள்விப்பட்டு இலங்கை மன்னன் கயவாகுவும் ஆடி மாதத்தில் விழா நடத்தினான், மழை பொழிந்தது என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. அந்தக் கண்ணகிதான் சிங்களவருக்குப் பத்தினித் தெய்வம். கண்டிப் பெரஹெரா விழாவில் இன்றைக்கும் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் உண்டு. மாத்தளை முத்துமாரி சந்நிதியில் சிங்களப் பௌத்தர்களும் கைகூப்பி நிற்பதைப் பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியப்பட அதில் எதுவும் இல்லை. மழைக்கும் நோய்க்கும் ஒரு தாயைக் கும்பிடும் வழக்கம் இரு பக்கத்துக்கும் பழையது.

1820-களில் இலங்கையின் மத்திய மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840-களில் காடுகள் மளமளவென்று விழுந்தன. ஆள் வேண்டும். ஆள் திரட்டும் கங்காணிமார் வறண்ட தென்சீமை ஊர்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துச் சொந்தபந்தமாகத் திரட்டி வந்தார்கள். பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளைப் பக்கமாகக் காட்டுவழியே தெற்கு நோக்கி நடை. நூற்றைம்பது மைலுக்குக் குறையாத வழி. வாந்திபேதி, அம்மை, மலைக்காய்ச்சல், பசி, காட்டு மிருகம் எல்லாம் அதில் உண்டு. விழுந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் என்று சரியாக எண்ணி வைத்தவர் யாருமில்லை. அந்தப் பிணங்களுக்கு அன்று ஒரு கல் நட்டவரும் இல்லை.

அந்த வழியில் காடு முடிந்து மலை தொடங்கும் இடம் மாத்தளை. அங்கே வந்து சேர்ந்தால் பிழைத்தோம் என்று அர்த்தம். அங்கிருந்துதான் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து அவரவர் தோட்டத்துக்கு ஏறினார்கள். நடந்து வந்த சனம் முதலில் கும்பிட்டது ஒரு மரத்தடியில் இருந்த சிறிய அம்மனை என்று கோயில் வரலாறு சொல்கிறது. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. செத்தவர்களைப் பின்னால் விட்டு வந்தவர்கள், அழுவதற்கும் நன்றி சொல்வதற்கும் ஒரு இடத்தைத் தேடியிருப்பார்கள்.

கோயில் நிற்கிற நிலம் ஒரு வயலின் பகுதி. 1852-ல் அதன் சொந்தக்காரர் தானமாகக் கொடுத்தது. 1874-ல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியில் கோயில் எழுந்தது. கடனும் அரிசி வியாபாரமுமாகத் தோட்டங்களைச் சுற்றியிருந்தவர்கள் செட்டியார்கள். போன ஊரிலெல்லாம் கோயில் கட்டியவர்கள். கோயிலுக்கென்று மகமை எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம்.

ஆனால் கோயில் கட்டினால் மட்டும் திருவிழா பிறந்துவிடாது. அதற்குச் சனம் ஊரில் இருக்க வேண்டும். காப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்த வழியே ஊருக்கு நடந்தார்கள். பங்குனிப் பொங்கலும் முளைப்பாரியும் அவர்களுக்கு அங்கேதான். 1869-ல் காப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பி சரிந்தது. அந்த மண்ணில் தேயிலை வந்தது. 1880-ல் ரயிலும் மாத்தளைக்கு வந்துவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து வருஷம் பூராவும் துளிர்க்கும். ஒரு வாரம் கை வைக்காவிட்டால் முற்றிப்போகும். ஊருக்குப் போய்வர நேரமில்லாமல் சனம் லயம் என்ற தோட்ட வரிசை வீடுகளில் தங்கிவிட்டது. பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. இனி ஊர்த் திருவிழா வேண்டுமென்றால் அதை இங்கேதான் நடத்தியாக வேண்டும். மாத்தளைத் திருவிழா பிறந்தது இந்தக் கட்டாயத்தில்தான் என்பது என் முடிவு. ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊரை இங்கே வரவழைத்தார்கள்.

வரவழைத்த விதத்தைக் கரகத்தில் பார்க்கலாம். தோட்டத்தில் இதைக் கரகம் பாலிப்பது என்பார்கள். சாயங்காலம் தப்பு முழங்க ஆற்றங்கரைக்கோ தண்ணீர் விழும் பீலிக்கோ போவார்கள். செம்பைச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கி, கழுத்துவரை தண்ணீர் மொண்டு, வாயில் வேப்பிலையைச் சுற்றிலும் செருகி, பூவால் கூம்பாகக் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழம் குத்துவார்கள். காப்புக் கட்டி விரதம் இருந்தவர் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு கையால் பிடிக்காமல் லயத்துக்கு லயம் வருவார். வாசலில் மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றுவார்கள். சுற்றிலும் அருவி கொட்டுகிற, ஓடை ஓடுகிற மலைநாட்டில் ஒரு செம்புத் தண்ணீரை இத்தனை பத்திரமாகச் சுமக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் கற்ற பக்தி அது.

மாசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்தளைக்கு ஐப்பசி முதல் தை வரை நல்ல மழை. மாசியில் வெயில் ஏறும், ஓடை மெலியும்; சித்திரை மழைக்கு இன்னும் நாள் இருக்கும். மழைத் தாயைத் தெருவுக்கு அழைக்க ஈரநாட்டிலும் இதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. மகம் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பௌத்தர்களின் போயா விடுமுறையும் துணைக்கு வரும். அதே மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். கம்பம் நட்டு, ரதிக்கும் மதனுக்கும் ஒப்பனை செய்து, சிவன் எரித்த கதையை இரவிரவாக ஆடுவார்கள். தைப்பொங்கல், மாசித் தேர், ஆடி, நவராத்திரி, தீபாவளி, மார்கழிப் பஜனை என்று வருஷம் சுற்றும். அதற்கு நடுவே தோட்டத்துக்குத் தோட்டம் சொந்தத் திருவிழா. செலவு சம்பளத்திலிருந்து போகும். கொழுந்துக் கூடையில் சுமந்த காசுதான் பந்தலாகவும் மேளமாகவும் ஆகிறது.

தேரன்று நான் பார்க்கச் சொல்வது வடத்தை இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி நடக்கிறவரைப் பாருங்கள். அவர் கையில் முட்டுக்கட்டை. சரிவில் தேர் வேகம் பிடித்தால் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகி நிறுத்த வேண்டும். திருப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் கொடுத்துத் தேரின் முகத்தைத் திருப்ப வேண்டும். மர இரைச்சலும் வடம் இழுப்பவர்களின் அரோகராவும் காதை அடைக்கும். அவர் கண் சக்கரத்தை விட்டு ஒரு கணமும் நகராது. தெருவோரம் கச்சான் வறுபடும், மஸ்கட் துண்டு போடுவார்கள், வளையல் கடையில் பெண்பிள்ளைகள் மொய்ப்பார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் இந்தக் கோயிலுக்கும் தீ வைத்தார்கள். மாத்தளைத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதை எழுதாமல் இந்தக் கதையை முடிக்க எனக்கு மனம் வராது. எரிந்ததைத் திரும்பக் கட்டினார்கள். இன்று அங்கே நிற்பது 108 அடி ராஜகோபுரம்.

2023-ல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர, முன்னோர் நடந்த வழியில் ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28-ல் தலைமன்னாரில் புறப்பட்டு, 252 கிலோமீட்டர் நடந்து, ஆகஸ்ட் 12-ல் முடித்தார்கள். வழியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள், கொஞ்ச தூரம் கூட நடந்தார்கள். நடை முடிந்த இடம் மாத்தளை.